பள்ளத்தில் கொட்டிய சிப்பி

திருப்பாலைவனத்துப் பஞ்சர் கடைக்காரர் இன்று காலை டயரிலிருந்து ஒரு சிப்பித் துண்டைப் பிடுங்கி என் கையில் வைத்தார். ஏரிச் சேற்று வாடை இன்னும் அதில் இருந்தது. "பக்கவாட்டுல கிழிச்சிடுச்சி மேடம், ஒட்டு நிக்காது. டயரே மாத்தணும்" என்றார். மாற்றச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உன் வண்டி அது. நீ கண்ணை மூடிய பிறகு, வெளி ஆளுக்கு விற்க மனசில்லாமல் உன் வீட்டுக்காரர் எனக்குக் கொடுத்தார். ஏரிக்கரைப் பள்ளிக்கு நாம் இரண்டு டீச்சர்களும் போய்வந்த அந்தக் குட்டிக் காருக்கு நீ செய்த பணிவிடை கொஞ்சமா? பள்ளத்துக்கு முன்பே பிரேக்கை மிதித்து, இறங்கும்போது காலை எடுத்துவிடுவாய். "உள்ள இறங்குனப்புறம் மிதிச்சா ஸ்பிரிங்குக்கு மூச்சு முட்டும்டி" என்பாய். திங்கட்கிழமையானால் டயரில் காற்று பார்க்க வேண்டும். ரோட்டில் ஏரியின் உப்புத் தண்ணீர் ஏறியிருந்த நாளெல்லாம் வீட்டுக்குப் போனதும் உப்பு போக நல்ல தண்ணீரை அடியில் பீய்ச்சுவாய். எனக்கு எரிச்சலாக வரும். பெற்ற பிள்ளையைக்கூட நீ இப்படித் தாங்கியதில்லை என்று திட்டியிருக்கிறேன்.

ஆனால் ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் கூடையோடு வழியில் நடந்துபோனால் மட்டும், உன் வண்டிக்கு எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும். கூடைக்கு அடியில் தார்ப்பாய் விரித்து ஏற்றிக்கொள்வாய். பெரிய பள்ளம் வந்ததும், "பாரம் கொறையணும், நீ எறங்கு" என்று என்னைத்தான் இறக்கிவிடுவாய். அவர்களில் மூத்தவள் கன்னியம்மா இறால் கூடையோடு உள்ளே. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் சேற்றில். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய்.

நீ போனதும் அவர்களுக்காக நிறுத்துவதை விட்டுவிட்டேன். ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும், டயர் தேய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் சாக்கு. அந்தக் கவிச்சி வாடையும் ஈரமும் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தூரத்தில் அவர்களைக் கண்டாலே கண்ணாடியை ஏற்றிக்கொள்வேன்.

நேற்று மாலை அதே பெரிய பள்ளத்தில் டயர் படாரென்று போனது. இறங்கிப் பார்த்தால் பள்ளம் முழுக்க மட்டியும் ஆளிச் சிப்பியும் கொட்டிக் கிடந்தன. பின்னாலேயே கூடைகளோடு வந்த பெண்களைப் பார்த்துக் கத்தினேன். "யாரு பண்ண வேல இது? அறிவு வேணாம்?"

கன்னியம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

"நாங்கதான் டீச்சர். அந்த டீச்சர் பூட்டப்புறம் நீ யாரையும் ஏத்தறதில்லியா, வண்டிக்கு இன்னாவோ சீக்குனு நெனச்சோம். குழிய ரொப்புனா குலுங்காம போவும்னு ஆளுக்கொரு கூடை கொட்டுனோம். டயர கிழிக்கும்னு தெரியாம பூட்ச்சி."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர்கள் என்னைவிடப் பதறிப்போய், குனிந்து வெறுங்கையாலேயே சிப்பிகளை அள்ளி ஓரமாக எறிந்தார்கள். வண்டியைத் தூக்கி ஸ்டெப்னியை மாட்டும்வரை ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை.

இன்று புது டயரோடு பள்ளி முடிந்து திரும்பும்போது அவர்களைக் கண்டதும் நிறுத்தினேன். பின்கதவைத் திறந்து, "ஏறுங்க" என்றேன். கன்னியம்மா அந்தக் கதவை வலிக்காமல் சாத்தினாள்.

"வாணாம் டீச்சர். பாவம், தாங்காது. நாங்க நடந்துக்கிறோம், நீ பாத்து போ."

வண்டிக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படியானால் இத்தனை நாள் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பாளே. கியரைப் போட்டேன்.

நீ பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டி கல்லுக்குண்டாக இருக்கிறதடி. அவர்கள் அதற்காக இரக்கப்பட்டு நடக்கிறார்கள். நான் காலி சீட்டுகளோடு அவர்களைத் தாண்டி வருகிறேன்.