ஒரே கோட்டில் இரண்டு மாப்பிள்ளைகள்

இஞ்சாரும்,

நேற்றுக் காலை கடையைத் திறந்து விளக்கைப் போட்டதும் ஒரு இளைஞன் வந்து, "அண்ணை, உங்களிட்டக் கோட் இருக்கோ?" என்று கேட்டான். வெளிநாடு போகிறானாம், பாஸ்போட்டுக்குப் படம் வேண்டுமாம். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன், ஏனோ எழும்பிப் போய் உள்ளறை அலுமாரியைத் திறந்தேன். பூச்சி உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. உமது இரண்டு சேலைகளுக்குப் பின்னால் அந்தக் கறுப்புக் கோட் இன்னும் தொங்குகிறது. ஒல்லியானவனுக்கும் மொத்தமானவனுக்கும் பொருந்தட்டும் என்று முதுகை நடுவால் வெட்டி நாடா வைத்துத் தைத்தவர் நீர்தான். முன்னுக்குப் பார்த்தால் கவர்னர் கோட், பின்னுக்குப் பார்த்தால் மூட்டை கட்டின சாக்கு.

அவனுக்குக் கோட்டைக் கொடுக்கவில்லை. அவன் போட்டிருந்த சேட்டே நன்றாகத்தான் இருந்தது. படத்தை எடுத்து அனுப்பிவிட்டு அலுமாரிக் கதவைச் சாத்தாமல் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். நீர் மழைக்காலத்தில் கண்ணை மூடினீர். இப்போது கோடைக் கச்சான் காற்று அடிக்கிறது. உம்மோடு கதைக்கவேண்டும் போல இருந்தது.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போன நாட்களை நினைத்துப் பாரும். அதுவரைக்கும் நமக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. கப்பல் வந்தால் மாலுமிகள் வரிசையில் நிற்பார்கள்; தொப்பியைச் சரித்துப் போட்டுக்கொண்டு தாய்க்கொரு படம், காதலிக்கொரு படம். அவர்கள் போனதும் கடையில் ஈ ஓட்ட நான், இலையான் அடிக்க நீர். போகிற துரை ஒருவர் சாமான்களை ஏலம் விட்டபோதுதான் அந்தக் கோட்டையும் டையையும் வாங்கினேன். அதை எடுத்த ராசி, ஊர் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கலியாணம் பேசப் படம் வேண்டும் என்று வருகிற ஆம்பிளைகள் எல்லாருக்கும் கோட்டை மாட்டி, கையை முதுகுக்குப் பின்னால் கட்டச் சொல்லி, தாடையைக் கொஞ்சம் தூக்கி விட்டால் படம் முடிந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "இந்தக் கோட்டுக்கே ஒரு பொம்பிளை பாக்கலாம்," என்று நீர் பகிடி பண்ணுவீர்.

பகிடி ஒரு நாள் படியேறி வந்தது. தம்பலகாமத்தில் வயல் செய்கிற கணபதிப்பிள்ளை ஐயா, வேட்டியில் பஸ் புழுதியோடு உள்ளே வந்தார். இரண்டு படங்களை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது ஆர்?"

"லிங்கநகர்த் தவராசா," என்றேன்.

"இது?"

"மூதூர்க் கந்தோரில வேலை செய்யிற கிளாக்கர்."

"கோட் ஆற்றை?"

"கடையின்ர."

"டை?"

"அதுவும் கடையின்ரதான் ஐயா."

"அப்ப ரெண்டுபேரும் தலையை மட்டும்தான் கொண்டு வந்திருக்கினம்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் நின்று நீர் பார்த்த பார்வையில் அது தொண்டையோடு நின்றது.

அவருடைய மகள் செல்வராணிக்குக் கலியாணம் பேசுகிறார்கள். புரோக்கர் கொண்டுவந்த இரண்டு படமும் நம்முடைய கடையில் எடுத்தது. தவராசாவுக்குத் துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் என்று புரோக்கர் அளந்திருக்கிறார். ஐயா படத்தில் கோட்டையும் டையையும் பார்த்து நம்பியிருக்கிறார். இரண்டாவது படமும் வந்த பிறகுதான் சந்தேகப்பட்டு விசாரித்தால், தவராசா லோஞ்ச் வள்ளத்து எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிறவன்.

"எண்ணெய் விடுறது குற்றமில்லைத் தம்பி. நானும் சேத்தில நிக்கிறவன்தான். ஆனா புரோக்கர் சொல்லுற பொய்க்கு நீங்கள் ஏன் கோட் குடுக்கிறியள்? இரவல் கோட்டில வாறவனுக்கு என்ர பிள்ளையைக் குடுக்க ஏலாது. தம்பலகாமத்தில இனி ஒருத்தரும் உங்கட படத்தை நம்பமாட்டினம். நான் விடமாட்டன்."

அவர் சொன்னால் செய்யக்கூடியவர். அறுவடை முடிந்து கலியாணம் பேசுகிற மாதங்களில் தம்பலகாமத்துச் சனம்தான் நமக்குச் சோறு போட்டது. அவர்கள் வராமல் விட்டால் கடையைப் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கோட் போடுவது உலக வழக்கம் என்று நான் வாதாட எழும்பினேன். அதற்குள் நீர் பிளேன்டீயோடு வந்து, கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப்போட்டு இருந்துகொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டீர்.

"ஐயா, படத்தில நீங்கள் என்னத்தைப் பாக்க நினைச்சியள்?"

மனிதர் கோபத்தை மறந்து யோசிக்கத் தொடங்கிவிட்டார். அவரிடம் அப்படி ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். எத்தனை வருடம் படம் பிடித்தும் நானும் ஒருவரிடமும் கேட்டதில்லை.

"கண்ணை," என்றார் கடைசியில். "பிறகு கையை. என்ர பிள்ளை எப்பிடி இருக்கப் போறாள் எண்டது அது ரெண்டிலயும் தெரியும். நீங்கள் கையைப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கிறியள்."

"ஒரு கிழமை தாங்கோ ஐயா. உங்களுக்கெண்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு நானே வாறன். அதைப் பாத்திட்டு என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்கோ," என்றீர்.

பொய்யால் பெயர் கெட்டு நின்றவன் தவராசா என்றபடியால் அவனைக் கூப்பிட்டு அனுப்பினோம். வேலை முடிந்து, எண்ணெய் பட்ட சேட்டோடு, தாயையும் கூட்டிக்கொண்டு வந்தான். புரோக்கர் சொன்ன பொய் அவனுக்குத் தெரியாது. கோயில் திருவிழாவில் செல்வராணியைக் கண்டு, மனம் பறிகொடுத்து, கேட்டுப் பாருங்கள் என்று புரோக்கரைப் பிடித்தது மட்டும்தான் அவன் செய்தது. விஷயம் குழம்பிப்போனதைக் கேட்டதும் முகம் செத்துவிட்டது. இந்தச் சேட்டோடேயே படம் என்று நீர் சொன்னதும் தாய் எகிறினா.

"பிள்ளை, ஊத்தை உடுப்போட படம் அனுப்பினா ஆர் பொம்பிளை குடுப்பினம்?"

"குடுக்கிறவர் கேட்டதே இதைத்தான் அக்கா," என்றீர்.

அவன் முகம் கழுவிக்கொண்டு வந்து கதிரை நுனியில் இருந்தான். கோட் இல்லாமல், கையைக் கட்டாமல், எப்படி இருப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. "அண்ணை, கையை எங்க வைக்க?" என்று என்னைக் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. நீர் கமெராவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "கடல் நடுவில எஞ்சின் நிண்டு போனா என்ன செய்வீர் தம்பி? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும்," என்றீர். அவன் சொல்லத் தொடங்கினான். எதைக் கழற்றுவது, எதை ஊதுவது, எதை முறுக்குவது என்று சொல்லச் சொல்லக் கை தானாக எழும்பியது, கண்ணில் தானாக வெளிச்சம் வந்தது. நீர் என் தோளில் தட்டினீர். கமெராப் பொத்தானை அமத்தினேன்.

படத்தைக் கழுவிப் பார்த்தால் ஒரு கை ஆடிக் கலங்கி விழுந்திருந்தது. திரும்ப எடுக்கவேண்டும் என்று நின்றேன். நீர் விடவில்லை. "வேலை செய்யிற கை ஆடாமல் இருக்குமோ?" என்றீர்.

படத்தோடு நீர் பஸ் ஏறின அன்று எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பெண்பிள்ளையின் கலியாணம், ஒரு பெடியனின் மனம், நமது கடையின் பெயர் எல்லாம் உமது கைப்பைக்குள் போயிருக்கிறது. பின்னேரம் ஒரு சட்டி தயிரோடு வந்து இறங்கினீர். "படத்தைப் பாத்தார். ஓம் எண்டிட்டார்," என்றீர். வேறென்ன நடந்தது என்று கேட்டதற்கு, "தயிர் புளிக்க முதல் சாப்பிடுங்கோ," என்றீர்.

அதற்குப் பிறகுதான் கோட் அலுமாரிக்குள் போனது. வருகிறவர்களைப் பட்டென்று வெளிச்சத்துக்கு முன்னால் இருத்தாமல், முதலில் உம்மோடு கதைக்க விட்டோம். "இந்தப் படத்தை ஆர் பாக்கப் போகினம்?" என்று கேட்பீர். சிலர் சொல்லுகிற பதிலிலேயே படம் எப்படி இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். புல்மோட்டையில் மணல் வேலைக்குப் போன தன் மனிதருக்கு அனுப்ப என்று ஒரு மனைவி வந்தா. குழந்தை நித்திரை, ஆகவே நாளைக்கு வருகிறேன் என்றா. "அவர் நித்திரைக் குழந்தையைப் பாத்து எவ்வளவு நாள்?" என்று கேட்டு, நித்திரையோடேயே எடுக்க வைத்தீர். கிண்ணியாவிலிருந்து முஸ்லிம் பெண்கள் வந்தால் நான் கமெராவைச் சரி பார்த்து வைத்துவிட்டு ரோட்டில் போய் நிற்கவேண்டும், நீரே அமத்துவீர். நான் வெயிலில் நிற்க, உள்ளே நீங்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். அந்தப் படங்கள் என்னுடையவற்றை விட நன்றாக வந்தன என்று அப்போதே சொல்லியிருக்கிறேன், மறக்கவில்லைதானே.

செல்வராணி கலியாணத்துக்கு முந்தின கிழமை தகப்பனோடு படம் எடுக்க வந்தா. அவவிடமும் அதே கேள்வியைக் கேட்டீர். "நான்தான் அக்கா," என்றா. "பிறகு நான் இப்பிடி இருப்பனோ தெரியாது." கணபதிப்பிள்ளை ஐயா மகளை அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பலகாமத்துச் சனம் அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போகவில்லை. அடுத்த தெருவில் பெரிய ஸ்டூடியோ வந்தபோதும் போகவில்லை.

இந்தக் கடையால் நான் சாப்பிட்டேன், மரியாதையாக வாழ்ந்தேன். அதற்கு உமக்கு நன்றி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பெண்சாதிக்கு நன்றி சொன்னால் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நீரே கேட்டிருப்பீர். இப்போது சொல்கிறேன். கேட்க வழியில்லாத இடத்தில் இருக்கிறீர்.

உமது முப்பத்தோராம் நாள் பூசைக்குத் தவராசாவும் செல்வராணியும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து சனம் கலைந்த பிறகு செல்வராணி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தா.

"அண்ணை, அக்கா இவரின்ர படத்தைக் கொண்டு வந்த அண்டைக்கு அப்பா வயலில நிண்டவர். அக்கா நேர குசினிக்குள்ள வந்து படத்தை என்ர கையில தந்தவ. 'அப்பாவுக்கு முதல் நீ பார் பிள்ளை. உனக்கு வேண்டாமெண்டா இப்பவே சொல்லு. படம் கழுவேக்க பழுதாப் போச்சுது, என்ர மனிசனுக்கு அவ்வளவு கைப்பழக்கம் இல்லை எண்டு அப்பாட்டச் சொல்லிப்போட்டு அடுத்த பஸ்ஸில போயிடுவன்' எண்டவ."

"நீர் என்ன சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. அந்த ஆடின கையைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அடுப்பில பால் பொங்கி வழிஞ்சு போச்சுது. அக்காதான் இறக்கி வச்சவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. தவராசாவும் சிரித்தான். துக்க வீட்டில் என்ன சிரிப்பு என்று உமது தமையன் திரும்பிப் பார்த்தார். அவர் பார்க்கப் பார்க்கவே எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீர் தம்பலகாமம் போன அன்றைக்கு நமக்கென்று மிஞ்சியிருந்தது என்னுடைய கைவேலையின் பெயர் ஒன்றுதான். அந்தப் பிள்ளை வேண்டாம் என்று தலையை ஆட்டியிருந்தால் அதையும் அங்கே கொட்டிவிட்டு வரத்தான் பஸ் ஏறியிருக்கிறீர். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குதித்திருப்பேன் என்று உமக்குத் தெரியும். அந்தப் பிள்ளை பார்க்கிற பார்வை கடையைவிடப் பெரிது என்று அப்போது எனக்கு விளங்கியிருக்காது. இப்போது விளங்குகிறது. நீர் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் நான் கெட்டுப்போயிருக்கமாட்டேன்.

இப்போதெல்லாம் யாராவது படத்தை வாங்கிப் பார்த்து, "நல்ல படம் அண்ணை," என்று சொன்னால், "எனக்கு அவ்வளவு கைப்பழக்கம் இல்லை," என்கிறேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.