இருநூற்றுப் பதினாறு தவறுகள் செய்தவரைத் திருப்பித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
பயிற்சிப் பொறுப்பாளர் மற்றும் மூத்த மெக்கானிக்,
லிஃப்ட் பராமரிப்புப் பணிமனை,
பழைய அச்சகக் கட்டடம், முதல் மாடி.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
முன்னாள் படைவீரர் தொழிற்பழகுநர் திட்ட அலுவலகம்.

பொருள்: எங்களிடம் பயிலும் முன்னாள் படைவீரரின் பெயரை இறுதித் தேர்வுப் பட்டியலிலிருந்து நீக்கிய ஆணையை ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் மார்ச் 9.

மதிப்பிற்குரிய ஐயா,

1. படையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் வெளியுலகில் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள வழிசெய்யும் தங்கள் திட்டத்தின் கீழ், சென்ற ஏப்ரலில் எங்களிடம் ஒருவர் வந்து சேர்ந்தார். வயது நாற்பத்து மூன்று. பதினெட்டு ஆண்டுகள் படையின் வாகனப் பழுதுபார்ப்புப் பிரிவில் இருந்தவர். அவருக்கு லிஃப்ட் வேலை சொல்லித்தரும் எனக்கு வயது இருபத்தெட்டு. முதல் நாள் காலை அவர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்ததில் என் கையிலிருந்த தேநீர் என் சட்டையிலேயே கொட்டியது. அன்று மாலை தன் நோட்டில் அவர் இப்படி எழுதினார்: "பயிற்சியாளரை முன்னறிவிப்பின்றித் திடுக்கிட வைத்தேன்." அதுதான் முதல் குறிப்பு. இந்த மனுவும் அந்த நோட்டைப் பற்றியதே.

2. படையில் இருந்த காலத்திலிருந்தே அவருக்கு அது பழக்கம். நோட்டில் நான்கு கட்டங்கள் உண்டு: நேரம், நடந்தது, யார் தவறு, சரிசெய்யப்பட்டதா. தன் தவறு எதையும், எத்தனை சிறியதானாலும், அன்றைக்கே எழுதிவிடுவார். மாதிரிக்குச் சில தருகிறேன். "காலை 8.12. இடது கையுறை காணவில்லை. 8.14. என் சட்டைப்பையிலேயே இருந்தது." "பகல் 1.30. சாப்பாட்டு நேரம் முடிந்தும் இரண்டு நிமிடம் சிரித்துக்கொண்டிருந்தேன்." இன்னொன்று: "பயிற்சியாளரை மேடம் என்று அழைக்கக் கூடாது என்று சொல்லியும் அழைத்தேன்." இந்த ஒரு குறிப்பு மட்டும் முப்பத்தொரு முறை வருகிறது. "அண்ணா, என்னை மேடம்னு கூப்பிடாதீங்க, கூச்சமா இருக்கு" என்று நான் கெஞ்சினால், "சரிங்க மேடம், இனிமே கூப்பிடல மேடம்" என்பார். இந்த விஷயத்தில் நான் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டேன்.

3. தங்கள் அலுவலகத்துக்கு மாதந்தோறும் நாங்கள் அனுப்பும் படிவத்தில், 'பழகுநர் செய்த தவறுகளின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எங்களிடம் பயிலும் மற்ற இருவரும் எதையும் எழுதுவதில்லை. அவர்கள் கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டேன். இவருடைய கட்டத்தில் நோட்டைப் பார்த்து எண்ணிப் போட்டேன். பதினோரு மாதத்தில் அது இருநூற்றுப் பதினாறு ஆகிவிட்டது. அதைக் கண்ட தங்கள் அலுவலகம், "பொதுமக்கள் பாதுகாப்பைக் கருதி" அவர் பெயரை நீக்கியிருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் நானும் அவரை லிஃப்ட் பக்கமே விட்டிருக்க மாட்டேன்.

4. ஐயா, அந்த இருநூற்றுப் பதினாறில் சில என்னுடைய தவறுகள். இதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆகஸ்டில் ஒரு பிரசவ மருத்துவமனையின் லிஃப்ட்டைச் சரிபார்த்துவிட்டுக் கருவிப்பெட்டியை மூடப்போனேன். "மேடம், பதினாலு இருக்கணும். பதிமூணுதான் இருக்கு" என்றார். "வேன்ல கிடக்கும், வாங்கண்ணா" என்றேன். அவர் அசையவில்லை. மறுபடி ஏறிப் பார்த்தால், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஒரு ஸ்பானர் கிடந்தது. அதை அங்கே வைத்தது நான். ஓடும் லிஃப்ட்டிலிருந்து அது சரிந்து விழுந்து எங்காவது சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பத்து நிமிடம் கழித்து ஒரு பெண் கைக்குழந்தையோடு அதே லிஃப்ட்டில் இறங்கினார். குழந்தை எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அன்றைய குறிப்பு: "கருவிகளை எண்ணாமல் முதலில் இறங்கிவிட்டேன்." என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

5. தங்கள் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட்டும் எங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. மூன்றாம் மாடியில் கதவு மூடாமல் அது அடம்பிடித்ததும், தங்கள் ஊழியர்கள் ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்கியதும் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கதவு ஓடும் பள்ளத்தில் சிக்கியிருந்த ஒரு பென்சில் துண்டைக் குப்புறப் படுத்து எடுத்தவர் இவர்தான். குறிப்பு: "முதல் முறை வந்தபோதே டார்ச் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். சரிசெய்யப்பட்டது. பென்சில் வரவேற்பறையில் ஒப்படைக்கப்பட்டது." நான்கு மாதமாக அந்த லிஃப்ட் ஒருமுறைகூட நிற்கவில்லை. இவரை நீக்கிய ஆணையும் அதிலேறித்தான் சுகமாகக் கீழே வந்திருக்கும்.

6. படையைவிட்டு வந்த முதல் வருடம் இவர் எப்படி இருந்தார் என்று இவர் மனைவி என்னிடம் சொன்னார். அவர் தையல்கடை வைத்திருப்பவர். இவர் விடிவதற்குள் எழுந்து, சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாராம். "அப்பா ரெடிதான், ஆனா எதுக்குன்னுதான் தெரியல" என்று மகள் சொன்னாளாம். இப்போது அதே மனிதர் விசிலடித்துக்கொண்டு படியிறங்குகிறாராம். பக்கத்து வீட்டுக்காரர்கள் விசில் சத்தத்தை வைத்துத்தான் மணி பார்க்கிறார்களாம். இதைச் சொல்லும்போது அந்த அக்கா முகத்தில் இருந்த சிரிப்பை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

7. நேற்று தங்கள் கடிதம் வந்தது. தேர்வு எழுதாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால், அவருக்காக நாங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் வேலையைக் கொடுக்க முடியாது. அவர் கடிதத்தை இருமுறை படித்து, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நோட்டை எடுத்தார். இருநூற்றுப் பதினேழாவது குறிப்பு: "காலை 10.05. கடிதம் படித்தபின் வேலையில் கவனம் இல்லை. பத்து நிமிடம் கருவி எதையும் தொடவில்லை. தவறு என்னுடையது. சரிசெய்யப்பட்டதா: ஆம். தண்ணீர் குடித்தேன்." அதைப் படித்த பிறகுதான் நான் நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். நான்காவது கட்டத்தில் எல்லாக் குறிப்புகளுக்கும் 'ஆம்' என்றே இருக்கிறது. 'மேடம்' ஒன்றைத் தவிர, சரிசெய்யாமல் விட்டது எதுவும் இல்லை. அந்தக் கட்டத்துக்குத் தங்கள் படிவத்தில் இடமில்லை. நானும் ஒருநாளும் அதைப் பார்க்கவில்லை.

8. எனவே, வரும் 20ஆம் தேதி நடைபெறும் இறுதித் தேர்வில் அவர் பெயரை மீண்டும் சேர்த்து உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நோட்டு முழுவதையும் நகலெடுத்து இணைத்துள்ளேன். தாங்கள் சிரிக்காமல் படித்து முடிக்க முடியாது என்று அடித்துச் சொல்வேன். கூடவே, இன்று நானும் ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். அதன் முதல் குறிப்பு கீழே:

நேரம்: பதினோரு மாதங்கள்.
நடந்தது: யோசிக்காமல் எண்ணை மட்டும் எழுதி அனுப்பினேன்.
யார் தவறு: என்னுடையது.
சரிசெய்யப்பட்டதா:

நான்காவது கட்டம் காலியாக இருக்கிறது, ஐயா. அதில் எழுத எனக்கு அதிகாரம் இல்லை. தாங்கள் எழுத வேண்டும்.

நாள்: மார்ச் 11
இடம்: பணிமனை

நடந்ததை நடந்தபடி எழுதியுள்ள,
(கையொப்பம்)
பயிற்சிப் பொறுப்பாளர்

இணைப்பு: நோட்டின் நகல், 64 பக்கங்கள். (63 என்று எழுதியிருந்தேன். எண்ணிப் பார்த்துத் திருத்தியவர் அவரே.)