புடைத்த நட்சத்திரம்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

இன்று உன்னிடம் சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன்.

லாரியோடு நீயே வருவாய் என்று எதிர்பார்க்கவில்லை. "என்னடி கண்ணாடி, இந்தத் தகர டப்பாவுலயா குடியிருக்கே?" என்று என் அறையைப் பார்த்துச் சிரித்தாய். பாலம் கட்டும் இந்த ஆற்றங்கரையில் என்னை அப்படிக் கூப்பிட யாருமில்லை. நீ குடித்த டம்ளரை இன்னும் கழுவவில்லை.

நீ கொண்டுவந்த முதல் பெட்டியிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்தவுடன் நான் பேச்சை நிறுத்தினேன். கவனித்தாயா? படிக்கும் காலத்தில் விடுதியில் நீ தந்த போல்ட்தான் இன்றும் என் மேசைக் காகிதங்களைப் பறக்காமல் காக்கிறது. யோசிக்கும்போதெல்லாம் அதன் தலையிலுள்ள உங்கள் பட்டறை நட்சத்திரத்தைத் தடவுவேன். உங்கள் அச்சில் அது புடைத்துக்கொண்டு வரும். இன்று வந்தவற்றில் குழிந்திருக்கிறது. சுற்றிலும், வேறு முத்திரையைத் தேய்த்து அழித்த பளபளப்பு. பன்னிரண்டு பெட்டியிலும் அப்படித்தான்.

அரசுப் பணத்தில் கட்டும் பாலத்தில் உள்நாட்டில் செய்த இரும்புதான் போடவேண்டும். இது அப்படிச் செய்ததுதான் என்று நீ சான்றிதழில் கையெழுத்திட்டிருக்கிறாய். சரிபார்த்தேன் என்று கீழே நான் இடவேண்டும். இன்னும் இடவில்லை.

போனில் பேசினால் என்னைப் பேச்சிலேயே மடக்கிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன்,
கண்ணாடி

மார்ச் 9

அடியே கண்ணாடி,

உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? வெளிநாட்டுச் சரக்குதான். உலை விரிசல் விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. ஆளுங்க இருபத்திரண்டு பேரும் தினம் வந்து என் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. இந்த ஆர்டர் போச்சுன்னா ஷட்டரை இறக்கிட வேண்டியதுதான்.

பலத்துல ஒரு குறையும் இல்ல. நானே சோதிச்சுட்டேன். எந்த நாட்டு போல்ட்டுன்னு பாலத்துக்கு என்னடி தெரியும்? உன் விரலுக்கு மட்டும்தான் தெரியும். பெரிய ஜோசியக்கார விரல்!

உனக்கு அம்மை போட்டப்ப விடுதியே காலியாச்சு. நான் மட்டும் போகல. சொல்லிக்காட்டக் கூடாதுன்னு நெனச்சேன். சொல்லிட்டேன்.

கையெழுத்துப் போட்டுடு.

வாயாடி

மார்ச் 13

அன்புள்ள வாயாடிக்கு,

நீ சொல்லிக்காட்டாவிட்டாலும் நான் மறக்கவில்லை. என் படுக்கையருகே ஸ்டூலில் உட்கார்ந்து, பாடப் புத்தகத்தை வில்லன் குரலில் படித்தாய்.

போல்ட் பலமானதுதான் என்று நம்புகிறேன். ஆனால் அந்த விதி இல்லையென்றால், மலிவான வெளிநாட்டுச் சரக்கு வந்து உன் பட்டறையை என்றோ மூடவைத்திருக்கும். உனக்காகத்தானே அதைப் போட்டார்கள்? உன்னைப்போல உலை வைத்திருக்கும் இன்னொருத்தி, நேர்மையாகச் செய்து கொடுக்க முடியாமல் இந்த ஆர்டரை விட்டிருப்பாள். அவளை எனக்குத் தெரியாது. அதனாலேயே அவளை மறக்க முடியவில்லை.

இருபதாம் தேதிக்குள் நீயே உண்மையை எழுதிக் கொடுத்துப் பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள். உலை சரியாகும்வரை அவகாசம் கேள். நான் பரிந்து எழுதுகிறேன். இருபத்தொன்றாம் தேதி நான் அறிக்கை எழுதிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன்,
கண்ணாடி

ஜூன் 2, அடுத்த ஆண்டு

அன்புள்ள வாயாடிக்கு,

நீ எழுதவில்லை. இருபத்தொன்றாம் தேதி மதியம் வரை பார்த்துவிட்டு நான் எழுதினேன். பெட்டிகள் திரும்பிப் போயின. அரசு வேலைகளிலிருந்து உன் பட்டறையை ஓராண்டுக்கு விலக்கிவைத்தார்கள். பாலம் நான்கு மாதம் தாமதமாகத் திறந்தது. இதெல்லாம் உனக்குத் தெரியும். நீ ஷட்டரை இறக்கவில்லை என்பது மட்டும் எனக்கு இன்று காலைவரை தெரியாமலிருந்தது.

இப்போது வேறொரு பாலம், அதேபோல் ஒரு தகர அறை. காலையில் உன் பட்டறை லாரி வந்தது. நீ வரவில்லை. இருபது பெட்டிகளையும் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் நட்சத்திரம் புடைத்து விரலில் இடித்தது.

"அக்கா ஏதாவது கடிதம் குடுத்தாங்களா?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

"இல்லீங்களே. கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

போட்டுக் கொடுத்தேன். லாரி போய்விட்டது.

கண்ணாடி