துத்தநாகம் கடத்தும் புரதம்

ஜனவரி 9, 2025

செல்கள் இன்றும் பதில் சொல்லின. டெஸ்டோஸ்டிரோனை விட்ட சில நிமிடங்களிலேயே உள்ளே சமிக்ஞை ஓடுகிறது. இத்தனைக்கும் பாடப்புத்தகம் சொல்லும் ஏற்பி இந்தச் செல்களில் கிடையாது. விந்தகத்தில் விந்தணுக்களை ஊட்டி வளர்க்கும் செர்டோலி செல்கள் இவை. ஏற்பி இல்லாமல் ஹார்மோனை யார் வாங்கிக்கொள்கிறார்கள்? மேலுறையில் இருந்துகொண்டு துத்தநாகத்தை உள்ளே கடத்தும் புரதம் ஒன்றின் மேல்தான் சந்தேகம். அதற்கு இது வேலையே அல்ல.

மற்றபடி, ஹப்சிகுடாவில் லேப், மல்காஜ்கிரியில் வீடு. என் மனைவி ஸ்மிதா இறந்துபோய் இரண்டு மாதம். அழுகை வரவில்லை. பல் டாக்டர் போடும் மரத்துப்போகிற ஊசியை உடம்பு முழுக்கப் போட்டதுபோல் இருக்கிறது.

ஜனவரி 10

தயிர் சாதத்தில் இருந்த கடுகையெல்லாம் பொறுக்கி டப்பா மூடியில் ஒதுக்கி ஸ்கூலிலிருந்து கொண்டுவந்திருக்கிறாள் ஸ்மிதாவின் மகள் அனு. இனி கடுகு வேண்டாம்.

பிப்ரவரி 2

ஸ்மிதாவின் அண்ணன் லட்சுமணன் திருச்சியிலிருந்து பேசினார். "அனு உங்க பொண்ணு இல்லையே மாப்ள. அவளைப் பெத்தவரு எப்பவோ போயிட்டாரு, இப்ப அம்மாவும் இல்ல. தாய்மாமன் நான் இருக்கேன். லீவு விட்டதும் கூட்டிட்டு வந்துர்றேன்."

"சரி" என்றேன். காஸ் புக் பண்ணச் சொன்னால் சொல்வோமே, அந்தச் சரி. ஸ்மிதாவைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அனுவுக்கு எட்டு வயது. இப்போது பன்னிரண்டு. அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறாள். எந்த உரிமையில் மறுப்பது?

பிப்ரவரி 3

நான் தமிழில் பேசினால் அனு தெலுங்கிலோ இங்கிலீஷிலோதான் பதில் சொல்வாள். இன்று தமிழிலேயே வந்து நின்றாள். "மாமாகிட்ட ஓகே சொன்னீங்களா? கைக்கு?"

ஏன் என்று இந்த ஊர் உருதுவில் கேட்கிறாள். "அங்க நல்ல ஸ்கூல்" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

சே. என்ன மனுஷன்டா நீ.

மார்ச் 6

அந்தப் புரதம் உருவாகாமல் தடுத்துவிட்டு அதே ஹார்மோனை விட்டோம். ஒன்றுமில்லை. திரும்பச் செய்தோம், அப்போதும் இல்லை. என் மாணவி ஸ்டெல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இதுதான் சார் இத்தனை நாளா வாங்கிட்டு இருந்திருக்கு. இதை எடுத்ததும் செல்லு கம்முனு ஆயிடுச்சு."

நல்ல முடிவு. பேப்பர் எழுதலாம். நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். ஜூனில் அனுவின் அறை காலியாக இருக்கும் — அது இன்றுதான் எனக்கு உறைத்தது. பயமாக இருந்தது. பயமாவது வந்ததே.

ஏப்ரல் 26

லட்சுமணன் வந்தார். ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "அன்னிக்கு நான் சரின்னு சொன்னது தப்பு. எனக்கு அவ வேணும்."

"நீங்க யாரு மாப்ள அவளுக்கு?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

அனுவைக் கூப்பிட்டு அவரே கேட்டார். "மாமாகூட வரியாடா?"

அவள் என்னைத்தான் பார்த்தாள். பிறகு, "நக்கோ" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறாள் என்று என்னிடம் கேட்டார். "வேண்டாமாம்" என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. ஐந்து மாத அழுகை அப்போதுதானா வரவேண்டும்? அவர் முன்னால், கையில் காபித் தட்டோடு. லட்சுமணன் காபியைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். தனியாகத்தான் ரயிலேறினார்.

ஜூன் 12

ஸ்கூல் திறந்துவிட்டது. எட்டாம் வகுப்பு. கடுகு போடாத தயிர் சாதம். புது ஆட்டோக்காரர் சலீம் என்னைக் காட்டி, "தேரே பப்பா?" என்று அவளிடம் கேட்டார், உன் அப்பாவா என்று.

"ஹவ்" என்று ஆமாம் சொல்லித் தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். உடனே என் பக்கம் திரும்பி, "அங்கிள், வாட்டர் பாட்டில்" என்றாள்.

ஓடிப்போய் எடுத்து வந்தேன்.