ஜக்கரியா கடைக்கு ஒரு கேம் பெட்டி

ஜூன் 9, ஞாயிறு

பெட்டி எழுந்து நின்றுவிட்டது. பழைய டிவியைத் திரையாக மாட்டி, சின்ன கம்ப்யூட்டர் போர்டை அதன் முதுகில் பொருத்திவிட்டேன். ஆணி அடிக்கும்போது பலகையை இடது கையால் பிடிக்க முடியவில்லை; முழங்காலால் அழுத்திக்கொண்டேன்.

இனி கேம் பொறுக்குவதுதான். போர்டுக்குள் அந்தக் கால கேம்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. ஜக்கரியா தன் சாப்பாட்டுக் கடைக்கு முப்பது போதும் என்கிறான். "பெருநாளுக்கு அப்புறம் கடை தொறக்கறப்ப மெஷின் நிக்கணும் மச்சான். சண்டை கேம் நெறைய போடு லா. அதுக்குத்தான் கூட்டம் வரும்."

போடுகிறேன் என்றேன்.

ஜூன் 10

சண்டை கேம் ஒன்றைத் திறந்தேன். ஜாய்ஸ்டிக் இடது பக்கம், பட்டன்கள் வலது பக்கம். எல்லா மெஷினிலும் அப்படித்தான். ஜாய்ஸ்டிக்கைச் சுற்றி என் விரல்கள் மூடவில்லை. முதல் ரவுண்டிலேயே செத்தேன். வேறொன்று. அதிலும் அப்படித்தான். வாசல் வரை போனேன், வந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

பைக்கிலிருந்து விழுந்து நான்கு மாதமாகிறது. இன்னும் ஏன்?

சண்டை கேம் அத்தனையையும் எடுத்துவிட்டேன்.

ஜூன் 11

சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரி. பிசியோ பெண் மென்மையாகத்தான் சொன்னாள்: இடது கையில் பிடி இதற்கு மேல் வருவது கஷ்டமாம்.

என் மனைவி காஞ்சனாவிடம் மட்டும் சொன்னேன். வேறு யாருக்கும் தெரியக் கூடாது. டாக்டர் கொடுத்த எம்சி விடுப்பு மாதக் கடைசியில் முடிகிறது. கம்பெனியில் லைன் வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். தெரிந்தால்?

ஜூன் 12

ஒரு கேம் சேர்த்தேன். எடுத்தேன். மறுபடி சேர்த்தேன். எடுத்துவிட்டேன்.

ஜூன் 14

ஜக்கரியா வந்தான். நான் வைத்திருந்ததெல்லாம் ஒற்றைக் கையால் ஆடக்கூடியவை. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான்.

"என்ன லா இது? செங்கல் ஒடைக்கிறது, பழம் பொறுக்குறது... நான் என்ன தடிக்கா ஸ்கூலா நடத்துறேன், சின்னப் பிள்ளைங்க வெளையாட? சண்டை கேம் எங்க?"

"போர்டு தாங்கல."

"ஞாயித்துக்கெழம ஓடுச்சே! இது உன் மெஷினா, என் மெஷினா?"

தேநீரைக் குடிக்காமலே போய்விட்டான்.

காஞ்சனா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அடி பட்டது கையிலதானே, வாயில இல்லையே? சொன்னா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?"

கத்தினேன். உனக்கு என்ன தெரியும்னு கத்தினேன். அவ மடிச்ச துணியையே திரும்ப மடிச்சா. ச்சே.

ஜூன் 17, ஹஜ்ஜுப் பெருநாள்

வருடம் தவறாமல் ஜக்கரியா வீட்டுக்குப் போவோம். இந்த முறை வேண்டாம் என்று நினைத்தேன். நான் வாய் திறப்பதற்குள் காஞ்சனா சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

அவன் மனைவி சம்சியா தட்டு வைத்தார். ஜக்கரியா முகம் கொடுக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்தேன்.

"போர்டுல ஒண்ணுமில்ல. கைதான்" என்றேன்.

கையை இழுத்துப் பிடித்தான். "அமுக்கு."

அமுக்கினேன்.

"இன்னும்."

"இவ்ளோதான்."

அவன் விடவில்லை. "நாலு மாசமா சரியாயிடும், சரியாயிடும்னியேடா."

"ஆகல."

சாயங்காலம் பெருநாளுக்குப் போட்ட பாஜு மெலாயு உடுப்பைக்கூட மாற்றாமல் சம்சியாவோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். மெஷினுக்கு இடது பக்கம் நாற்காலி போட்டு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தான். "சண்டையப் போடு. நீ அடி, நான் ஓட்டுறேன்."

நான் குத்துப் பட்டனை அடிக்க, அவன் திரையில் எங்கள் ஆளைப் பின்னுக்கு ஓட்டினான்.

"ஏன்டா ஓடுற?"

"அவன் அடிக்க வர்றான் லா!"

பெண்கள் இருவரும் சிரித்துத் தீர்த்தார்கள். எத்தனை முறை தோற்றோமோ. ஒரே ஒரு ரவுண்டு ஜெயித்தோம். அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன்.

ஜூன் 18

ஜக்கரியா கடையைப் பார்ப்பானா, எனக்கு ஜாய்ஸ்டிக் பிடிப்பானா?

காலையில் தனியாக உட்கார்ந்து இடது கையைப் பட்டன் மேல் வைத்தேன். பிடிக்காது. ஆனால் தட்டுகிறது! மெதுவாகத்தான். நான்கு மாதமாக இது பிடிக்கவில்லை என்பதை மட்டுமே பார்த்திருக்கிறேனா?

இரண்டாவது ஆட்டக்காரர் பக்கத்தைக் கழற்றி, ஜாய்ஸ்டிக்கை வலதுக்கும் பட்டன்களை இடதுக்கும் மாற்றினேன். காஞ்சனா டார்ச் பிடித்தாள். அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "லைட்டு சரியா விழுதா?" என்றாள்.

ஜூன் 20

முப்பதும் முடிவாகிவிட்டது. பாதி சண்டை. செங்கல் உடைப்பதும் பழம் பொறுக்குவதும் இருக்கட்டும் என்று ஜக்கரியாவே சொன்னான்; சம்சியா இங்கே வந்தால் அதை விட்டு எழுந்திருப்பதில்லை.

ஜூன் 23

எம்சி முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இருந்தும் இன்றே குருணில் இருக்கும் கம்பெனிக்குப் போனேன். சூப்பர்வைசர் பழனியாண்டி கேன்டீனில் இருந்தார். உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன்.

"அண்ணே, இடது கை பிடிக்காது. தட்டும், தள்ளும். இனிமே இவ்ளோதான்."

என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

"லைன்ல முடியாது தம்பி. டெஸ்டிங்ல ஆள் கேக்குறாங்க. ஓவர்டைம் அவ்வளவா கெடைக்காது. வர்றியா?"

வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"வரேண்ணே" என்றேன்.