எல்லா மாடியிலும்

என்னவருக்கு,

போனில் பேச முடியாது. முகாம் வீட்டின் நடுச்சுவர்தான் கூரை வரை போகாதே. பக்கத்து வீட்டுத் தர்சிகாவுக்கு எல்லாம் கேட்கும்.

அவள் பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள் அல்லவா? "இன்ஜினியரிங் முடிச்ச அகதியே இங்கனதான் திரி உருட்டுனாரு. நீ படிச்சு என்ன செய்யப்போற?" என்றாராம் போர்மேன். உங்களைத்தான் சொல்லியிருக்கிறார். குடியுரிமை இல்லையென்று ஒருவரும் உங்களுக்கு வேலை தராதது ஆனைக்குட்டம் முகாமுக்கே தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் சென்னையிலிருந்து நீங்கள் அனுப்பிய படம் வந்தது. கண்ணாடிக் கட்டடம், முன்னால் வெள்ளைச் சட்டையில் நீங்கள். அவளிடம் காட்டி, "அண்ணாக்கு அங்க வேலை கிடைச்சிட்டுது" என்றேன். மறுநாளே பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

இப்போது அவளுக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்துவிட்டது. முகாம் முழுக்க மிட்டாய் கொடுத்தாள். என் பங்கை நான் டப்பாவில் போட்டு மூடிவைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் முகாமில் அதிகாரிகள் ஆள் சரிபார்க்கும் செக்கிங். நேரில் நிற்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். நீங்கள் வந்துதான் ஆக வேண்டும். விருதுநகரில் இறங்கியதும் நகக்கண்ணில் இருக்கும் பெயிண்டைத் துடைத்துவிட்டு, அதே வெள்ளைச் சட்டையில் வாருங்கள்.

நேற்றுக் கேட்டாள்: "அக்கா, அண்ணாக்கு எந்த மாடியில வேலை?"

"எல்லா மாடியிலயும்தான்."

"அப்ப படிச்சு முடிச்சு நானும் அங்கதான் வருவன்."

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. வெளிச்சுவரில் தொங்கும்போது இடுப்புக் கயிற்றை மட்டும் இறுக்கிக் கட்டுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி