மூன்று பேருக்கான தொட்டி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மாடுகள் நூற்று நாற்பதும் நலம். மனிதர்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். உன் நலம் நீ எழுதினால்தான் தெரியும். ஐந்து வருடத்தில் நான்கு கடிதம் என்றால், கை வலிக்காமல் பார்த்துக்கொள்கிறாய் என்று மட்டும் தெரிகிறது.

பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிது கட்டுகிறோம். பண்ணையை விற்றுவிடலாம் என்று நீ சொன்னதற்காக உன்னோடு பேச்சையே நிறுத்தினாரே, அதே அப்பாதான் கட்டுகிறார். வெளியிலிருந்து மின்சாரமும் தண்ணீரும் அதிகம் கேட்காத வீடாக இருக்க வேண்டுமாம். நம் நிலத்து மண்ணையே இடித்து இறுக்கிச் சுவர். சமையலுக்குச் சாண எரிவாயு. சூரியத் தகடுகள் கொட்டகைக் கூரை மேல். குடிக்க, குளிக்க எல்லாம் மழைநீர்தான். அதற்குத் தரைக்கடியில் ஒரு பெரிய தொட்டி.

ஆர்க்கிடெக்ட் ஒரு பெண், கெட்டிக்காரி. ஆனால் மாட்டைப் படத்தில்தான் பார்த்திருப்பாள் போல. பட்டியைப் பார்த்தபடி கூடத்துக்குத் தரை முதல் கூரை வரை கண்ணாடி வைத்திருந்தாள். அப்பா நிதானமாக, "காளை அதுல தன்னையே பார்த்துட்டு முட்டும்மா, வாராவாரம் கண்ணாடி மாத்தணும்" என்றார். கண்ணாடிச் சுவர் ஜன்னலாகிவிட்டது. சாணிக் காலோடு நேரே சமையலறைக்குள் வருவதா, முதலில் கால் கழுவ ஓர் அறை வேண்டும் என்று நானும் மல்லுக்கு நின்று வாங்கிவிட்டேன்.

போன வாரம் தொட்டியின் அளவைப் பற்றிப் பேச்சு வந்தது. வீட்டில் நிரந்தரமாக எத்தனை பேர் இருப்பீர்கள் என்று கேட்டாள். தலைக்கு இவ்வளவு தண்ணீர் என்று கணக்காம். ஒருமுறை தோண்டிப் பூசிவிட்டால் பிறகு பெரிதாக்க முடியாதாம். அப்பா யோசிக்கவே இல்லை. "ரெண்டு பேர்" என்றார். அவரும் நானும் என்று எடுத்துக்கொண்டேன். உன்னை இப்படிச் சுத்தமாகக் கழித்துவிட்டாரே என்று சுருக்கென்றது.

பிறகு படுக்கையறைகள். இரண்டு போதும் என்றார். ஒன்று எனக்கு. மற்றதன் கதவை ஏழரை அடி உயரத்துக்கு வைக்கச் சொன்னார். எதற்கு என்று அவள் கேட்டாள். "பையன் நெட்டைக்கொக்கு. இந்த வீட்டுல இடிச்சு இடிச்சே நெத்தி வீங்கிப்போச்சு" என்றார். ஐந்து வருடத்தில் உன்னைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அது. அப்படியானால் உங்கள் அறை எங்கே என்று கேட்டேன். வீடு முடிய ஒரு வருஷம் ஆகுமே என்று சொல்லிவிட்டு, கன்று போடப்போகிற மாட்டைப் பார்க்க எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கு அவரை விடவில்லை. கேட்டுக் கேட்டு உண்மையை வாங்கினேன். தடுப்பூசி மருந்து வாங்குகிறேன் என்று மூன்று முறை தனியாக நகரத்துக்குப் போனதெல்லாம் மருத்துவரைப் பார்க்கத்தான். மருத்துவ அறிக்கை மாடுகளின் தடுப்பூசிக் கோப்பிலேயே இருந்தது. நுரையீரலில் புற்று. முற்றிவிட்டது. இன்னும் எட்டு மாதம்தான் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். உனக்கு எழுதக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொன்னார். அவர் சொன்னதை நான் என்றைக்குக் கேட்டேன்?

நானும் ஒரு காரியம் செய்தேன். அவருக்குத் தெரியாமல் ஆர்க்கிடெக்டைக் கூப்பிட்டு, மூன்று பேர் என்று மாற்றச் சொன்னேன். நேற்று குழி தோண்டினார்கள். அப்பா விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். அளவு பெரிது என்று அவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா? வேலையை நிறுத்தச் சொல்லாமல், வெகுநேரம் அங்கேயே நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

இந்த வாசலை மிதிக்காதே என்று அன்றைக்கு அவர் சொன்னது உனக்கு இன்னும் வலிக்கிறது என்று தெரியும். அந்த வாசல் வருகிற திங்கட்கிழமை இடிபடுகிறது. படி, நிலை, கதவு எல்லாம்தான். புது வாசலைப் பற்றி அவர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

வீடு முடியும்வரை தீவனக் கிடங்கை ஒட்டிய அறையில் இருப்போம். மூன்று கட்டில் போட்டிருக்கிறேன். நன்றாயிரு. கிளம்பி வா.

இப்படிக்கு,
உன் அக்கா